எங்கள் கராஜில் ஒரு காலாட்படை

போன மாதம் அமெரிக்காவில் எங்கள் பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங் லாட்டில் அன்னதானத்துக்குப் பெரிய கேன்வாஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். திடீரென்று மழை. பொங்கல் தொன்னையோடு எல்லாரும் கூடாரத்துக்குள் ஒண்டினோம். நனைந்த கேன்வாஸிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், பக்கத்தில் நின்றவர் மூக்கைச் சுளித்தார். "என்ன சார் இது, நாய் நனைஞ்ச மாதிரி ஸ்மெல்லு?" நான் கண்ணை மூடிக்கொண்டு நன்றாக ஒரு இழுப்பு இழுத்தேன். என் மனைவி மாலதி முழங்கையால் இடித்தாள்.

"ஏனுங்க, கோயில்ல நின்னுக்கிட்டு கூடாரத்த மோந்து பாக்கறீங்க. தொன்னைய நேராப் புடிங்க, நெய் வழியுது."

இடித்தாளே தவிர, அவளும் ஒருமுறை மோந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு காலத்தில் எங்கள் கராஜ் முழுக்க இந்த வாசனைதான். ஈரக் கேன்வாஸ், பழைய கம்பளி, அந்துருண்டை, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெய். ஒரு அமெரிக்கக் காலாட்படை டிவிஷனின் கோட்டு, தொப்பி, இரும்பு ஹெல்மெட், பெல்ட், தண்ணீர்க் குடுவை, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். செங்கல்பட்டுக்காரனுக்கு அமெரிக்க ராணுவத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கும் ராணுவத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம் பள்ளிக்கூடத்து என்சிசி. அதிலும் நான் சேர்ந்தது தேசத்துக்காக அல்ல, பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரி மசாலுக்காக. எனக்குக் கொடுத்த காக்கி கால்சட்டை இரண்டு பேருக்கானது. "அட்டென்ஷன்" என்றால் எல்லாரும் கையைப் பக்கவாட்டில் ஒட்டுவார்கள், நான் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். மாஸ்டர் ஒருநாள் கிட்டே வந்து, "நீ நாட்டக் காப்பாத்த வேணாம்பா, மொதல்ல அதக் காப்பாத்து" என்றார். என் ராணுவ வாழ்க்கை அதோடு முடிந்தது.

பிறகு கம்ப்யூட்டர் படித்து, ஒரு கன்சல்டிங் கம்பெனி என்னை அமெரிக்காவின் தலையில் கட்டி அனுப்ப, பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மென்டில் வந்து விழுந்தேன். ரூம்மேட் சிவா மதுரைக்காரன், எனக்குச் சில மாதம் முன்னால் வந்ததால் அமெரிக்காவைக் கண்டுபிடித்தவனே அவன்தான் என்பது போல் பேசுவான். முதல் குளிர்காலம். அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை மட்டும் நம்பி நவம்பர் வரை ஓட்டினேன். டிசம்பரில் ஸ்வெட்டர் கைவிட்டது. சிவா ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலவேர் ஆற்றோரம் நடக்கும் பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு கம்பியில் அது தொங்கியது. முழங்காலுக்குக் கீழே வரும் பாசிப்பச்சைக் கம்பளி ஓவர்கோட்டு. கையில் தூக்கினால் ஒரு சின்னக் கன்றுக்குட்டி கனம். தோளில் பச்சை வட்டத்துக்குள் மஞ்சள் அரிக்கேன் விளக்கு. அது ஒரு டிவிஷனின் அடையாளம் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ஏதோ சுயேச்சை வேட்பாளரின் சின்னம் போலத்தான் பட்டது.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். சிவா சுற்றி வந்து பார்த்தான். "எந்தத் தொகுதிடா நிக்கிற? டெபாசிட்டாவது தேறுமா?"

மறுநாள் பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்பாரம். கிளையன்ட் ஆபீஸ் நியூயார்க்கில் இருந்தது. ரயிலுக்கு நிற்கிறேன். கொஞ்சம் தள்ளி நெட்டையாக, ஒல்லியாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், கையில் காகிதக் கோப்பைக் காபி. என் தோளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி தோளைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து, "வேர் டிட் யூ கெட் தட் கோட், சன்?" என்றார்.

ராணுவ உடுப்பைச் சிவிலியன் போடக்கூடாது, போட்டால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அது சட்டமாகவே தெரிந்தது.

"சார், ஐ ஹேவ் வேலிட் எச்-ஒன்-பி, சார்" என்றேன்.

அவர் என் வேலை விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. இருந்தாலும் பையைத் திறந்து பாஸ்போர்ட் நகலை எடுத்து நீட்டினேன். அவர் காபியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, மரியாதையாக வாங்கி, என் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குட் பிக்சர்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு குனிந்து என் கழுத்துக் கொக்கியைச் சரியான துளையில் மாட்டிவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக என் கழுத்தில் காற்று புகவில்லை.

அவர்தான் வால்டர். அந்த அரிக்கேன் விளக்கு டிவிஷனில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் உறைபனியில் லாரி ஓட்டியிருக்கிறார். "துப்பாக்கியை விட ஸ்டீரிங்கைத்தான் அதிகம் பிடித்தேன்" என்பார். யுத்தம் முடிந்து வந்து ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். மகள் சூசன் டெக்சாஸில், பிளானோவில். அன்று ரயிலில் இதெல்லாம் பேசிக்கொண்டே போனோம். நான் இந்த நாட்டுக்கு வந்து அத்தனை மாதத்தில், வேலை சம்பந்தமில்லாமல் ஒரு மனிதர் என்னோடு ஒரு முழுப் பயணம் பேசியது அதுதான் முதல்முறை. கோட்டு ஒன்றுக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பார் என்றால் இன்னும் நாலு கோட்டு வாங்கலாமே என்று தோன்றியது. சேகரிப்பாளர்கள் சரித்திரம், பாரம்பரியம் என்று என்னென்னவோ காரணம் சொல்வார்கள். என் காரணம் இவ்வளவுதான்.

அந்த வசந்தத்தில் வால்டர் என்னை அவர்கள் டிவிஷன்காரர்களின் வருஷாந்திர மதிய விருந்துக்குக் கூட்டிப்போனார். ஒரு ஹோட்டல் ஹாலில் எழுபது தாண்டிய ஆசாமிகள் விளக்குச் சின்னத் தொப்பியோடு வட்ட மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெஜிடேரியன் என்றதும் ஹோட்டல்காரர் அவித்த கேரட்டை மட்டும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார், ஏதோ முயலுக்குக் கொடுப்பது போல. ஆனால் என் கோட்டைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் தன் பெல்ட்டைக் கொடுத்தார். இன்னொருவர் வீட்டுக்கு வரச் சொன்னார், அவர் ஹெல்மெட்டில் அவர் மனைவி பூச்செடி வைத்திருந்தார். அந்த அம்மாளுக்கு ஒரு நல்ல மண்தொட்டி வாங்கிக் கொடுத்து ஹெல்மெட்டை மீட்டேன். பெரும்பாலான வீடுகளில் ஒரே கதைதான். பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்களுக்குத் தூக்கிப் போட மனசில்லை. நடுவில் ஒரு இளிச்சவாயன் வந்தால் விடுவார்களா? சந்தைகளிலும் தேடி வாங்கினேன். சிவா கல்யாணமாகித் தனி வீடு போனபோது, "நான் போறது பொண்டாட்டிக்காக இல்லடா, உன் பட்டாளத்துல எனக்கு இடமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அப்புறம் எனக்கும் கல்யாணம். மாலதிக்கு ஈரோடு. வந்து இறங்கிய மறுநாள் பட்டுச் சீலைகளைத் தொங்கவிட குளோசெட்டைத் திறந்தாள். உள்ளே கம்பளிக் கோட்டுகள் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"ஏனுங்க, இதெல்லாம் யாரோடதுங்க?"

"சோல்ஜர்ஸோடது."

"அவிங்க எங்கீங்க?"

"சில பேர் இருக்காங்க. சில பேர்..." என்று இழுத்தேன்.

அவள் கையிலிருந்த ஹேங்கர் கீழே விழுந்தது. "செத்தவிங்க உடுப்புக்குப் பக்கத்துல என்ற மொகூர்த்தப் பட்டத் தொங்கவுடச் சொல்றீங்களா?"

சரித்திரம் என்றேன். தியாகம் என்றேன். மியூசியத்தில் எல்லாம் வைக்கிறார்களே என்றேன். "மியூசியத்துல யாராச்சும் குடித்தனம் பண்றாங்களா?" என்று கேட்டாள்.

நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை. சாயங்காலம் ஒரு தீர்ப்பு வந்தது. "உசுரோட இருக்கறவங்க உடுப்புன்னா இருந்துட்டுப் போகுது. செத்தவங்களோடது வாசப்படி தாண்டப்படாது. உள்ள இருக்கறப்ப ஆளு போயிட்டாருன்னா, அன்னைக்கே வெளிய அனுப்பிச்சுரோணும்."

உலகத்தில் எந்தச் சேகரிப்பாளனுக்கும் இப்படி ஒரு விதி கிடையாது. சந்தையில் வாங்கியதெல்லாம் போயிற்று. என் முதல் கோட்டு உட்பட. அதன் சொந்தக்காரர் யாரென்றே தெரியாது, சந்தேகத்தின் பலனை மாலதி எனக்குக் கொடுக்கவில்லை. ஒரு ஹைஸ்கூல் நாடகக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். வால்டரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டியது. அடுத்த சனிக்கிழமை காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் வால்டர், கையில் ஹேங்கரோடு அவருடைய சொந்த ஜாக்கெட். இடுப்போடு நிற்கும் கம்பளி ஜாக்கெட், தோளில் அதே விளக்கு. மாலதியைப் பார்த்து விறைப்பாக நின்று, "மேடம், ஐ ஆம் த ஓனர். ஐ ஆம் ப்ரீதிங்" என்றார். நாடி பார்த்துக்கொள்ளச் சொல்லி மணிக்கட்டையும் நீட்டினார்.

மாலதி நாடி பார்க்கவில்லை. ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். அப்புறம்தான் ஜாக்கெட்டை உள்ளே விட்டாள்.

அன்றிலிருந்து என் சேகரிப்பு உயிரோடு இருப்பவர்களுடையது மட்டும். ஆனால் உயிரோடு இருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? போன் பண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். நான் மட்டும் பேசிவிட்டு "இருக்காரும்மா" என்றால் மாலதி ஒப்புக்கொள்ள மாட்டாள். "நீங்க உங்க பொருளுக்காகப் பொய் சொல்லுவீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, கொரலக் கேக்கோணும்."

எட்டி என்று ஒருவர். டிவிஷனில் சமையல்காரர், ஊர் திரும்பியதும் டைனர் என்கிற சின்ன ஓட்டலில் அடுப்படியில் நின்றவர். யுத்தகளத்தில் ஹெல்மெட்டின் இரும்பு ஓட்டிலேயே முட்டை பொரித்தவர், அப்படிச் செய்யக்கூடாது என்று மேலதிகாரி சொன்ன பிறகும். அதன் அடியில் கருகல் வட்டம் இருக்கும். அவருக்கு முதல்முறை போன் பண்ணினேன்.

"எட்டி சார், ஜஸ்ட்... செக்கிங்."

"செக்கிங் வாட்?"

"யூ ஆர்... தேர்."

"லாஸ்ட் டைம் ஐ லுக்ட்" என்றார், கடைசியாகப் பார்த்தபோது இருந்தாராம்.

மாலதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்திலிருந்து அவளும் பேச ஆரம்பித்தாள். "ஹலோ எட்டி அங்கிள், ஹவ் இஸ் யுவர் நீ?" முழங்காலில் தொடங்கி, சளிக்கு வந்து, சளியிலிருந்து ரசத்துக்குப் போனார்கள். ஸ்பீக்கரில் ரசம் சொல்லிக் கொடுத்தாள். சீரகம் என்பதற்கு அவர் எதைப் போட்டாரோ தெரியாது. அடுத்த வாரம், "அது சூப் இல்லை, அது ஒரு கண்டிப்பான வாத்தியார்" என்றார். சளி மட்டும் போய்விட்டதாம். நான் ஓரமாக உட்கார்ந்து டிபனை முடித்துவிடுவேன். என் பட்டாளத்தை என் கண்முன்னாலேயே ஒருத்தி கைப்பற்றிக்கொண்டிருந்தாள்.

முதலில் போனவர் ஒரு ரேடியோக்காரர். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவர் மகன் கூப்பிட்டுச் சொன்னார். விதிப்படி அன்றைக்கே அவர் தொப்பியையும் குடுவையையும் எடுத்துக்கொண்டு காரில் போனேன். வாசலில் மகன், அவருக்கே அறுபது இருக்கும், தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா எதையும் மிச்சம் வைக்கவில்லை என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்களாம். சாவு வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் வானிலை பற்றி ஏதோ சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

இந்தக் கதை அடுத்த விருந்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விஷயம் தெரிந்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். நடந்தது வேறு. "இந்தியன் வீட்டில் தொங்குவது" என்பது அவர்களுக்குள் ஒரு அந்தஸ்தாகிவிட்டது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம் ஐ ஸ்டில் ஹேங்கிங்?" என்று கேட்பார்கள். "யெஸ் சார், செகண்ட் ரோ" என்பேன். இதுவரை எதுவும் தராதவர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பட்டன்களைத் தொடும் ஒரு தீவிர சேகரிப்பாளர் அங்கே வருவார். அவர் என்னைத் தனியே அழைத்து, சேகரிப்பு என்றால் நாளாக நாளாகக் கூட வேண்டும் நண்பரே, உங்களுடையது ஆள் போகப் போகக் குறையுமே என்று வருத்தப்பட்டார். உண்மைதான். ஆனால் மனைவியை ஈரோட்டிலிருந்து கட்டியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கியதும் கராஜ் பூராவும் கொக்கி அடித்தேன். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு பெயர். கார் வெளியே பனியில் நின்றது, கம்பளிக் கோட்டுகள் உள்ளே குளிர் படாமல் இருந்தன. சேகரிப்பாளன் புத்தியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தினமும் காலையில் நான் காரின் மேலுள்ள பனியைச் சுரண்டுவதை எங்கள் மகள் நிலா ஜன்னல் வழியே பார்த்து, "அப்பா, யூ நோ வீ ஹேவ் அ கராஜ், ரைட்?" என்பாள்.

ஒரு ஆயுத பூஜையன்று வால்டர் சொல்லாமல் வந்துவிட்டார். மாலதி காருக்கு, லேப்டாப்புக்கு, மிக்ஸிக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, கராஜில் ஹெல்மெட்டுகளுக்கும் வைத்திருந்தாள். "இதுவுந்தானுங்களே ஆயுதம்." வால்டர் எட்டியின் ஹெல்மெட் நெற்றியில் பொட்டைப் பார்த்து நின்றுவிட்டார். நான் அவசரமாகத் துடைக்கப் போனேன். கையைத் தடுத்தார். என்ன அர்த்தம் என்று கேட்டார். வருஷம் பூரா நமக்காக உழைத்த சாமானுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து நன்றி சொல்வது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "இதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை" என்றார் ஹெல்மெட்டைக் காட்டி. அப்புறம் சுண்டல் சாப்பிட்டார். இரண்டு கிண்ணம்.

கொக்கிகள் காலியாக ஆரம்பித்தன. ஒரு குளிர்காலத்தில் மட்டும் மூன்று வீடுகளுக்குப் போனேன். விருந்தில் வட்ட மேசைகள் குறைந்து, ஒரே நீள மேசை ஆயிற்று. கடைசியில் கராஜில் இரண்டே பேர்: எட்டியின் கருகல் ஹெல்மெட், வால்டரின் ஜாக்கெட். பிறகு எட்டியும் போனார். அந்த ஹெல்மெட்டை அவர் பேத்தி வாங்கிக்கொண்டாள், சமையலறையில் மாட்டப்போவதாகச் சொன்னாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு. போனை எடுத்தேன். மாலதி என் கையிலிருந்து அதை வாங்கி மேசையில் வைத்தாள்.

"இந்த வாரம் வால்டர் அங்கிளக் கூப்புட வேண்டாமுங்க."

"ஏன்?"

"கூப்புட்டு, அவரு எடுக்கலீன்னா?"

எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. குரலைக் கேட்டால்தான் நம்புவேன் என்று சட்டம் போட்டவள் அவள். இப்போது கேட்காமல் இருந்தால் அவர் இருந்துகொண்டே இருப்பார் என்று நினைத்தாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அந்த ஜாக்கெட் போய்விட்டால் என்னிடம் ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும். கராஜுக்குள் போகும்போது இருவரும் அந்தக் கொக்கிப் பக்கம் பார்க்காமல் டிடர்ஜென்ட் எடுத்து வருவோம்.

ஒரு ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடித்தது.

"ஹேவ் ஐ பீன் எவிக்டட்?" என்றது குரல். என்னைக் காலி பண்ணிவிட்டீர்களா?

மாலதி பாய்ந்து வந்தாள். "நோ நோ அங்கிள்! யூ ஆர் ஹியர் ஒன்லி! சேம் ஹுக்!"

ஒவ்வொரு ஞாயிறும் ஷேவ் பண்ணிக்கொண்டு, காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். கடிகாரம் பார்த்துப் பார்த்து, இந்தியர்களுக்கு ஏதோ பண்டிகை போல என்று முதல் வாரம் நினைத்தாராம். "எவ்வளவு பண்டிகைதான் இருக்கும் உங்களுக்கு?" மாலதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கைச் சிந்தினாள். அது ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டிருக்கும். காரணத்தை நான்தான் சொன்னேன், சுற்றி வளைத்து.

அவர் மாலதியிடம், நிதானமாக, புரியும்படி சொன்னார். பட்டாளத்தில் சேருவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது, ஆனால் முறையாக விடுவித்து டிஸ்சார்ஜ் செய்தால்தான் ஒருவன் வீட்டுக்குப் போக முடியும். மற்றவர்களையெல்லாம் அன்றன்றைக்கே அனுப்பிவிட்டு, என்னை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளாதே என்றார். "டோண்ட் யூ கோ சாஃப்ட் ஆன் மீ." அவருக்கென்று சலுகை வேண்டாமாம்.

"ஓகே அங்கிள்" என்றாள். அப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை சூசன் கூப்பிட்டார். அவர் குரலில் "ஹலோ" என்பதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். நான் போனை வைத்துவிட்டு மாலதியைப் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். மாடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

காலேஜ் லீவில் வந்திருந்த நிலா எட்டிப் பார்த்தாள். "வாட்ஸ் ஹேப்பனிங்? அம்மா ஆல்ரெடி டுக் அ ஷவர் திஸ் மார்னிங்."

"வால்டர் தாத்தா போயிட்டாரும்மா. சாவுன்னு கேட்டா தலைக்கு ஊத்திக்குவாங்க."

"எல்லாருக்குமா? எட்டி அங்கிளுக்கு ஷீ டிட்ன்ட்."

"இல்ல. சொந்தக்காரங்களுக்கு மட்டும்."

"ஸோ, ஆர் வீ ரிலேட்டட் டு ஹிம்?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாலதி ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்தாள். "பங்காளி மொறை" என்றாள் நிலாவிடம். என்னைப் பார்த்து, "நீங்களும் போங்க. போயி ஊத்திக்கிட்டு வாங்க."

போனேன். சுடுதண்ணீர் முழுவதையும் அவள் காலி பண்ணியிருந்தாள்.

குளித்துவிட்டு வந்தபோது கராஜ் விளக்கு எரிந்தது. மாலதி ஜாக்கெட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து, பட்டன் போட்டு, கைகளை உள்ளே மடித்துக்கொண்டிருந்தாள். என் அப்பா அடுத்த முறை ஊரிலிருந்து வந்தால் கொடுக்கலாம் என்று நான் வாங்கி வைத்திருந்த புது எட்டு முழ வேட்டி, பிரிக்காதது, பக்கத்தில் இருந்தது. அதைப் பிரித்து ஜாக்கெட்டைச் சுற்றினாள். நம் ஊரில் உறவுக்காரர்கள் சாவு வீட்டுக்குக் கோடித்துணி எடுத்துப் போவார்களே, அதுதான்.

அடக்கத்துக்கு வந்த சூசன், அப்பாவின் ஜாக்கெட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள்தான் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டீர்கள் என்றார். எனக்குக் கை நீண்டுவிட்டது, நிஜமாகவே. மாலதி குறுக்கே வந்து, "நோ சூசன். ஹி டோல்ட் மீ" என்று பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். சூசன் அந்த வெள்ளைத் துணியைத் தடவி, எவ்வளவு மெல்லிசான துணி என்றார். இப்போது அது பிளானோவில் இருக்கிறது. ஜாக்கெட்டை வேட்டியிலிருந்து பிரிக்கவே இல்லை என்று பின்னால் சொன்னார்.

உலகத்திலேயே முழுமையாக முடிந்துபோன சேகரிப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். காட்டுவதற்கு ஒரு பட்டன்கூட இல்லை. அந்த ஹோட்டல் ஹாலில் இப்போது யாரோ ஜும்பா நடன வகுப்பு நடத்துகிறார்கள். கார் கராஜுக்குள் நிற்கிறது, பனியில் நான் எதையும் சுரண்டுவதில்லை, இடுப்பு வலிகூடக் குறைந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த எல்லாரும் போனில் பச்சைப் புள்ளியாக இருக்கிறார்கள், இருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. பச்சைப் புள்ளி இருமுவதில்லை, முழங்கால் வலி சொல்வதில்லை.

முந்தாநாள் ஞாயிறு மாலதி தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள், "இட்லி இப்பெல்லாம் சூடா இருக்கறப்பவே தீந்து போயிருதுங்க." முன்பு எல்லாரோடும் போனில் பேசி முடிப்பதற்குள் அவள் தட்டில் ஆறிப்போய்க் கல்லாகிக் கிடக்கும்.